முன்பிருந்தவர்கள்

கழிவறையில் கம்பளம் விரித்தவன் யாரென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கையில் கிடைத்தால் அடிக்கமாட்டேன்.
ஒரே ஒருமுறை
அதைக் கிளப்பி எடுக்கச் சொல்வேன்,
முழங்காலில் நின்று, மூச்சை அடக்கி,
பீங்கானைச் சுற்றி அரைவட்டமாய் வெட்டிய
அந்த ரோஜா நிறத்தை.

கொவென்ட்ரியில் இருபத்திரண்டு வருடமாக
மனிதர்களுக்குப் பிடிக்காமல் போனவற்றை
அப்புறப்படுத்துவது என் தொழில்.
வெள்ளை வானில் ஏணி, உளி, நீராவிப் பெட்டி, ஸ்லாவெக்.
ஸ்லாவெக் பேசமாட்டான்.
வீட்டுக்காரர்கள் பேசுவார்கள்:
இதைப் போய் யார் வைத்தார்கள்?
முன்பிருந்தவர்கள், என்பேன்.
எப்போதும் முன்பிருந்தவர்கள்தான்.
படுக்கையறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தவர்களும் அவர்கள்,
கூரையில் ஆர்டெக்ஸ் பூசி
தோசை மாவைப் போலச் சுழித்து விட்டவர்களும் அவர்கள்.
சுரண்டுமுன் அதில் ஒரு துண்டை ஆய்வுக்கு அனுப்பவேண்டும்.
அலங்காரத்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

மரத்தூள் ஒட்டிய சுவர்க்காகிதம் பற்றி
சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்காதீர்கள்.
ஆவி பிடித்து ஓரங்குலம், கத்தி வைத்து ஓரங்குலம்.
உரித்தால் கீழே இன்னொன்று,
அதற்குக் கீழே பழுப்புப் பூக்கள்,
அதை இழுத்தால் சுவரே கூட வரும்.
காகிதம்தான் இத்தனை காலம்
வீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பிறகு சாம்பல் வந்தது.
சுவர் சாம்பல், தரை சாம்பல், சோபா சாம்பல்,
ஒரு வீட்டில் நாயும் சாம்பல்.
எங்கள் மொழியில் இந்தச் சொல்லுக்கு
வேறு வேலையும் உண்டென்று யாருக்கு விளக்குவது?
டப்பாவில் அதற்கு வேறு பெயர்கள்:
புறாவின் மார்பு. தூரத்து மழை. அமைதி எண் மூன்று.
எட்டு வருடம் பூசினேன்.
எங்கள் வீட்டு முன்பணம் அந்தச் சாம்பலில் விளைந்தது.

இந்த மார்ச்சில், எர்ல்ஸ்டனில்,
புதிதாய்க் குடிவந்த மிஸஸ் பெத்திக்
கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்:
மூச்சு முட்டுகிறது,
இதைப் போய் யார் வைத்தார்கள்?
ஜன்னலடியில் பார்த்தேன்.
சிலிக்கன் கோடு முடியும் மூலையில்
கட்டைவிரலால் ஓர் இழுப்பு, இடப்பக்கம்.
அப்படி இழுப்பவன் இந்த ஊரில் ஒருவன்தான்.
முன்பிருந்தவர்கள், என்றேன்.
ஸ்லாவெக் இருமினான்.

அவகாடோப் பச்சைக் கைகழுவும் தொட்டி ஒன்று
சுத்தியலுக்கு உடையாத ஒரே காரணத்தால்
பதினான்கு வருடம் என் கராஜில் கிடந்தது.
போன மாதம் ரோவன், இம்மி என்று ஒரு இளம் ஜோடி
இருநூறு பவுண் தந்து வாங்கினார்கள்.
அசல் எழுபதுகள், என்று அதைத் தடவினார்கள்.
அதே தொட்டியை இழுத்தெறிய
அப்போது நூற்றிருபது வாங்கியிருந்தேன்.
மாட்டிக் கொடுத்துவிட்டுத் துடைத்தும் விட்டேன்.
கம்பளமும் வேண்டுமா என்று கேட்கவில்லை,
வேண்டுமென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

எங்கள் வீட்டுச் சமையலறையில்
ஏழு வீட்டு மிச்ச ஓடுகள்.
வாசல் கதவு ஒருவர் வேண்டாமென்றது,
படி விரிப்பு இன்னொருவர் மனம் மாறியது.
பிள்ளை யாதவி சிநேகிதிகளை
நேராகத் தன் அறைக்குக் கூட்டிப்போகிறாள்.
தயாமலருக்கு அதெல்லாம் பிரச்சினையில்லை.
அவளுடைய வழக்கு இரண்டு குழாய்களோடு:
இடதில் கொதிநீர், வலதில் பனி,
நடுவில் ஒரு சாண் இடைவெளி.
இரு கையாலும் ஏந்தி, தட்டி, கலந்து
முகத்துக்குக் கொண்டுபோகுமுன்
பாதி தண்ணீர் தரையில்,
மீதி நல்ல தமிழில் என் தலையில்.

ஊரெல்லாம் ஒற்றைக் குழாய் மாட்டியவன் நான்.
இது பழைய வீடு, என்றேன், முன்பிருந்தவர்கள்...

ஆரை? என்றாள்.
பதினாறு வருசமா நாங்கள்தான் இருக்கிறம்.

புதுக் குழாய் வானில் இருக்கிறது,
பெட்டி கூடப் பிரிக்கவில்லை.
சனிக்கிழமை மாட்டலாம் என்றிருந்தேன்.
சனிக்கிழமை மிஸஸ் பெத்திக்குக்கு
இரண்டாவது கோட்டுப் பூச்சு.
நிறம் கேட்டீர்களா? பச்சை.